கேப் விக்காமின் விளக்கும் ஒரு சிறு படகும்

ஆஸ்திரேலியாவின் மிக உயரமான கலங்கரை விளக்கம், ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையிலான பாஸ் நீரிணையில் உள்ள கிங் தீவின் வடகோடியில், கேப் விக்காம் முனையில் இருக்கிறது. அதன் 48 மீட்டர் உயரத்தை வியந்து எழுதுகிறவர்கள், அது எவ்வளவு தாமதமாக எழுந்தது என்பதையும், அங்கே மனிதர்கள் குடியிருந்ததால் என்ன நன்மை விளைந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

மெல்பர்னில் குடியேறுவதற்காகப் பிரிட்டனிலிருந்து மாதக்கணக்கில் பயணம் செய்து வந்தவர்களின் பாய்மரக் கப்பல்கள், வடக்கே பெருநிலத்தின் விக்டோரியாக் கரையிலுள்ள கேப் ஆட்வே முனைக்கும் தெற்கே இந்தத் தீவுக்கும் நடுவிலுள்ள சுமார் 90 கிலோமீட்டர் இடைவெளி வழியாகத்தான் பாஸ் நீரிணைக்குள் நுழைய வேண்டியிருந்தது. பெருங்கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு அது ஊசிக்காதில் நூல் கோப்பது போன்ற வேலை. வானம் மூடிக்கொண்டு சூரியனையோ விண்மீன்களையோ அளக்க முடியாத நாட்களில், கப்பல் நிற்கும் இடத்தை வேகத்தையும் திசையையும் வைத்து ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1845 ஆகஸ்ட் 4 அன்று, விடிவதற்கு முன், அத்தகைய ஊகம் பிழைத்துப்போய் 'கட்டராக்வி' கப்பல் தீவின் பாறைகளில் மோதியது. சுமார் 400 பேர் மாண்டார்கள். தப்பிய ஒன்பது பேரில் குடியேற வந்தவர் ஒரே ஒருவர்.

அதன் பிறகு 1848இல் ஆட்வேயில் விளக்கு எரிந்தது; விக்காமில் எரிந்ததோ 1861இல்தான். தீவில் விளக்கு வைத்தால் கப்பல்கள் ஆபத்தான கரையை நோக்கி இழுக்கப்படும் என்று சிலர் அஞ்சினார்கள். ஆட்வே விளக்கு என்று இதைத் தவறாக எண்ணித் தெற்கே திரும்பும் அபாயம் மெய்யாகவே இருந்ததால், அந்த அச்சத்தை நான் எள்ள மாட்டேன். ஆனால் பதினாறு ஆண்டுகள் என்பது எந்த விவாதத்துக்கும் அதிகம்.

விளக்கு வந்த பிறகும் மேற்குக் கரை கப்பல்களைப் பலிகொள்வது நிற்கவில்லை. 1874இல் 'பிரிட்டிஷ் அட்மிரல்' உடைந்து 79 பேர் இறந்தார்கள். அதே கரையில், கரீ துறைமுகத்தில் இரண்டாவது விளக்கு அமைந்தது 1880இல். இங்கும் சாவுதான் முன்னே வந்தது.

இருந்தும் என் மனத்தில் நிற்பது 1866 ஜூலை மாத நிகழ்ச்சிதான். சுமார் 450 பேருடன் வந்த 'நெதர்பி' அதே மேற்குக் கரையில் மோதியபோது விக்காமின் ஒளி அதைக் காக்கவில்லை. காத்தது விளக்கு நிலையத்தில் இருந்த படகு. கப்பலின் இரண்டாம் அதிகாரி ஜான் பாரி வடக்கே நடந்து நிலையத்தை அடைந்து, அந்தச் சிறு படகில் சில துணைவர்களோடு நடுக்குளிர்கால நீரிணையைக் கடந்தார். விக்டோரியாக் கரையில் இறங்கி, குதிரையில் போய்ச் செய்தி சொன்னார். மீட்புக் கப்பல்கள் வந்தன. கப்பல் உடைந்ததில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.