கொழுக்குமலைக்கு ஏறுகிறவர்களே, இறங்கவும் நேரம் வையுங்கள்

மலையேற்றம் என்று பேர் வைத்ததாலோ என்னவோ, எல்லோரும் ஏறுவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். தேனி மாவட்டத்தில் போடி பக்கம், கொழுக்குமலை ஏற்றம் தொடங்கும் குரங்கணிக்கு வருகிற கூட்டத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்கு உச்சிக்குப் போகலாம், மேலே மேகம் தெரியுமா, இதுதான் பேச்சு. எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்ற கேள்வி வருவதே இல்லை. ஆனால் கால் பிசகுவதும் தண்ணீர் தீர்ந்துபோவதும் இருட்டில் பாதை தவறுவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

குரங்கணி ஊர், மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. மேற்கே கேரள எல்லை முகடு சுவர் மாதிரி நிற்கும். போடி ஊருக்குள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இந்தச் சரிவில் நிழல் இறங்கிவிடும். அதனால் காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்தை நம்பாதீர்கள். மாலை 4 மணிக்குள் உங்கள் குழுவின் கடைசி ஆள் அடிவாரத்தில் நிற்க வேண்டும். காலை 6 மணிக்குக் கிளம்பினால், 11 மணிக்குத் திரும்புங்கள். உச்சி கண்ணுக்கு எதிரே அரை மணித் தூரத்தில் தெரிந்தாலும் திரும்புங்கள். ஏறியதில் பாதி நேரத்தில் இறங்கிவிடலாம் என்பது களைக்காத காலின் கணக்கு. மதியத்துக்கு மேல் முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது.

காய்ந்த புல் படிந்து கிடக்கும் சரிவு, ஈரப்பாறை அளவுக்கு வழுக்கும். புல் தண்டுகள் கீழ்நோக்கிச் சாய்ந்து பாய் விரித்த மாதிரி கிடக்கும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலை ஊன்றுவோம், அந்தக் கணமே கால் வாரிவிடும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதம் முழுதும் பதிய, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். இறங்கத் தொடங்கும் முன் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கி மறுபடி கட்டுங்கள். இல்லையென்றால் பாதம் முன்னால் சரிந்து, நுனியில் இடித்து இடித்து, பெருவிரல் நகம் கறுத்துவிடும். நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ஊன்றுகோல் நீளம் மாற்றக்கூடியதாக இருந்தால் இறக்கத்துக்கு நாலு விரல் கூட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். திரும்பும் இடத்தில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் மீதி இருக்க வேண்டும். உப்புக்கரைசல் பொடியை (ORS), அதன் உறையில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கலக்கினால் தாகம்தான் கூடும்.

தீயைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள்தான் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வனத்துறை மலைப்பாதைகளை மூடுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அப்போது புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் அனல், மேலே இருக்கும் புல்லைத் தீ தொடும் முன்பே காயவைத்துவிடுகிறது. அதனால் கீழே புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள், தீயை முந்த முடியாது. பக்கவாட்டில் நகர்ந்து, புல் இல்லாத பாறைத்திட்டையோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்தையோ தேடுங்கள். ஓடைப் பள்ளம் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் சரிவில் உள்ள வறண்ட பள்ளம் புகைபோக்கி மாதிரி வேலை செய்து அனலை உள்ளே இழுக்கும். உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. முன்பதிவும் வழிகாட்டியும் உண்டு. கட்டணம் அதிகம் என்று புலம்பல் கேட்கிறது. என் கருத்தில் அது நியாயமான காசு. மலைக்கிராமத்து வழிகாட்டிக்கு எந்த ஓடையில் தண்ணீர் வற்றும், யானை எந்த மூங்கில் புதரில் நிற்கும் என்று தெரியும். அவர் "போதும், திரும்பலாம்" என்றால் காரணம் கேட்டு நிற்காமல் திரும்புங்கள். அனுமதி இல்லாமல் குறுக்கு வழியில் கூட்டிப்போகிறேன் என்பவரை நம்பாதீர்கள். அது குற்றம் என்பது ஒரு பக்கம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கீழே ஒருவருக்கும் தெரியாது என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

கடைசியில் வருபவர்தான் குழுவின் வேகம். அவருக்குப் பின்னால் எப்போதும் நடந்து பழகிய ஒருவர் வர வேண்டும். அவர் கழுத்தில் ஒரு விசிலும், பையில் தலைவிளக்கும், மாற்று பேட்டரியும் இருக்கட்டும்.