முதலில் சுருதிக் கட்டையைப் பாருங்கள்

நாலு வயதுக் குழந்தையைக் கர்நாடக சங்கீதப் பாட்டு வகுப்பில் சேர்க்கலாமா என்று ஒரு கட்டுரை கேட்கிறது. சேர்க்கலாம், ஆனால் சுருதியை, அதாவது பாட்டுக்கு அடிப்படையான ஒலி உயரத்தை, குழந்தையின் குரலுக்கு வையுங்கள். அந்த உயரத்தைக் கட்டை என்று எண்ணால் சொல்வோம். அப்பாவின் 1 கட்டையில் பாடினால் கீழ் ஸட்ஜம் (ஸ என்ற முதல் ஸ்வரம்) எட்டாமல் வெறும் காற்றுதான் வரும். அதையே ஒரு ஸ்தாயி (ஸ முதல் அடுத்த ஸ வரையிலான அளவு) ஏற்றினால், குழந்தை மேல் ஸட்ஜத்தில் கத்தத் தொடங்கிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு 5, 5½ கட்டை சுகமாக இருக்கும். சுருதி ஒலிக்கும் தம்புரா செயலியைப் போட்டு ஸ-ப-ஸ மட்டும் பத்து நிமிடம் பாடட்டும், போதும்.

அடுத்தது தாளம். எட்டு எண்ணிக்கை உள்ள ஆதி தாளத்தின் தொடக்கத்தில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ண வேண்டும். அந்த மோதிரவிரல் சின்னக் கையில் தனியாக மடங்காது, அங்கேதான் காலம் (வேகம்) தடுமாறும். விரலை நீங்கள் தொட்டுக் கொடுங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் சொல்லித்தரும் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையில், முதல் காலம் (மெதுவான வேகம்) நிலைப்படாமல் அதன் இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்துக்குத் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.