பெஞ்சில் ஆள் இல்லையென்றால் பக்தியும் இல்லையா?

"அவர் சபைக்கு வர்றதே இல்லை, பின்வாங்கிப் போயிட்டார்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! இந்தப் பேச்சு வெகுநாளாக என்னை உறுத்துகிறது. ஞாயிறு காலையில் ஒருவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்து அவருடைய விசுவாசத்தை அளக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

யோவான் சுவிசேஷம் 4-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். கிணற்றடியில், யூதர்கள் சம்பந்தம் வைத்துக்கொள்ளாத சமாரிய இனத்துப் பெண் ஒருத்தி இயேசுவிடம் கேட்பது தொழும் இடத்தைப் பற்றித்தான். எங்கள் பிதாக்கள் இந்த மலையில் தொழுதார்கள், நீங்கள் எருசலேம் என்கிறீர்கள் என்கிறாள். அவள் சொல்லும் கெரிசீம் மலையில் சமாரியருக்கு ஒரு ஆலயம் இருந்தது. இயேசுவின் காலத்துக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே யூத ஆட்சியாளர் ஒருவர் அதை இடித்துப் போட்டார். ஆக, அந்தக் கேள்விக்குள் ஒரு பழைய காயமும் இருக்கிறது. "இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல, ஆவியோடும் உண்மையோடும்" என்று ஆண்டவர் அவளுக்குப் பதில் சொல்கிறார். சொன்னதோ ஒரு யூதர், கேட்டதோ ஒரு சமாரியப் பெண். இதைவிட வெளிப்படையாக இந்த விஷயத்தை எப்படிச் சொல்ல முடியும்? கி.பி. 70-இல் எருசலேம் ஆலயத்தையும் ரோமர் அழித்தார்கள். தொழுகை நிற்கவில்லை.

எருசலேமில் முதல் ஆலயத்தைக் கட்டிய சாலொமோன் ராஜாவே அதன் பிரதிஷ்டை நாளில், "வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம்?" என்று ஜெபித்தார். உன்னதமானவர் கைகளால் கட்டிய ஆலயங்களில் வாசமாயிரார் என்று ஆதிச் சபையின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானும் சொன்னார். அந்தப் பேச்சின் முடிவில் அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள். ஆதிச் சபை பெரும்பாலும் கூடியது ஆக்கில்லா, பிரிஸ்கில்லா, பிலேமோன் போன்ற விசுவாசிகளின் வீடுகளில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஜப்பானில் இருக்கிறது. 1614-இல் அங்கே கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது. குருமார் விரட்டப்பட்டார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. வேதபுத்தகமும் கையில் இல்லை. மனப்பாடமாக வைத்திருந்த ஜெபங்களைப் பெற்றோர் பிள்ளைகளுக்குக் காதோடு சொல்லிக்கொடுத்தார்கள், தாங்களே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். இப்படியே ஏறக்குறைய 250 ஆண்டுகள்! 1865 மார்ச்சில், நாகசாகியில் வெளிநாட்டவருக்காகக் கட்டிய புதிய ஆலயத்துக்கு உராகாமி கிராமத்து மக்கள் சிலர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் பிரெஞ்சுக் குருவானவர் பெத்திஜானிடம் நெருங்கிப் போய், எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான் என்றாள். அப்புறமும் துன்பம் ஓயவில்லை. அந்தக் கிராமத்தார் 3,000-க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு ஜப்பானின் வேறு பகுதிகளுக்குக் கடத்தப்பட்டார்கள். 1873-இல்தான் தடை விலகியது. இத்தனை தலைமுறைகளாக ஆலயத்துக்குப் போகாதவர்களைப் பின்வாங்கினவர்கள் என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

சரி, அவர்களும் கடைசியில் ஒரு ஆலயத்தைத் தேடித்தானே வந்தார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதே விசுவாசமுள்ளவர்களைத் தேடி உயிரைப் பணயம் வைத்து வந்தார்கள். "சபை கூடிவருதலை விட்டுவிடாமல்" என்ற எபிரெயர் 10:25-ஐ நானும் மதிக்கிறேன். கூடிப் பாடுவதிலும் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதிலும் வருகிற பலம் தனியே கிடைக்காது. ஆனால் அந்த வசனம் கூடிவரச் சொல்கிறது, கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை.

இருதயத்தில் தொழுவது சோம்பேறிக்குக் கிடைத்த சாக்கு என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆலயத்தில் பாட்டும் பக்கத்திலிருப்பவரின் குரலும் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். இயேசு சொன்னபடி தனியே ஜெபிக்க அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டினால் அந்த உதவி எதுவும் கிடையாது. பேசாமல் இருக்கிற அண்ணன் முகம் கண்முன் வந்து நிற்கும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று அவரே சொன்னாரே, அந்த வார்த்தை அங்கேதான் சுடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், எதிர்வீட்டு நோயாளி என்று பெயர் சொல்லித் தினமும் ஜெபிக்கிறார். இரண்டு கையும் போதாமல் திரும்பக் கட்டைவிரலிலிருந்து தொடங்குவார். வருகைக் கணக்கில் அவர் பெயர் இல்லை. சபை மூப்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த கட்டட நிதிக்கு அறிவிப்புக் கொடுக்கும் முன், இப்படிப்பட்டவர்களின் வீடுகளை ஒரு பட்டியல் போடுங்கள். மாதம் ஒருமுறையாவது நான்கைந்து பேர் சேர்ந்து போய், அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, திருவிருந்தோடு ஆராதனை நடத்துங்கள். அதையும் சபையின் ஆராதனையாகவே பதிவேட்டில் எழுதுங்கள்.