மண்டபத்துக்குக் கடிதம் வேணுமாம், கடிதத்துக்கு மண்டபம் வேணுமாம்

கிளப் டின்னருக்கு ஒரு மண்டபம் கேட்டு இன்னைக்கு நாலாவது தடவை. கொட்டுற மழையில ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போய் நிக்கிறேன். மண்டப புக்கிங் கவுண்டர் மிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கல. "மதுவரிக்காரங்க லைசன்ஸ் இல்லாம உள்ள பார் போட விடமாட்டோம் தம்பி."

மதுவரிக்காரங்க முந்தாநாள் என்ன சொன்னாங்க? "மண்டபம் உள்ளூராட்சிச் சபையோடது. அவங்க சம்மதக் கடிதம் இல்லாம ஃபோர்மையே எடுக்கமாட்டோம்."

சரி மிஸ், சம்மதம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.

"லைசன்ஸ் வந்தாத்தானே சம்மதம்?"

சம்மதம் வந்தாத்தானே மிஸ் லைசன்ஸ்?

"அது அவங்க பிரச்சினை."

பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணமாம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியுமாம். நான் எந்தப் பக்கத்துப் பைத்தியம்னு இன்னும் யாரும் சொல்லல.

நாங்க கேட்டது என்ன, சாராயத் தவறணையா? கிரிக்கெட் கிளப்புக்கு மேட் வாங்க ஒரு டிக்கெட் டின்னர். அந்த 'டிக்கெட்'ங்கிற வார்த்தையைச் சொன்னதுதான் நான் செஞ்ச பாவம். "டிக்கெட் காசுல சாராயமும் அடக்கம்னா அது விற்பனை" என்றார் மதுவரி ஆபீஸ்ல ஒரு சேர். அப்ப சோத்துக்கு மட்டும் காசு, கிளாஸ் இலவசம்னேன். "இலவசம்னா எதுக்கு லைசன்ஸ் கேக்குறீங்க?" என்றார் பக்கத்து மேசை சேர். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. "பொட்டக் இன்ன." கொஞ்சம் இருங்கன்னு சிங்களத்துல. நாப்பது நிமிஷம் இன்னினேன்.

1912ல இலங்கைக்கு வெள்ளைக்காரன் போட்ட மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இன்னைக்கும் ஓடுது. அவன் கிளப்புல அவன் குடிச்சதுக்கு எத்தனை கடிதம் குடுத்தானோ! 1987லயே அரசியலமைப்போட 13ஆவது திருத்தத்துல தமிழும் அரச கரும மொழி ஆயிடுச்சு, ஆனா எனக்குக் குடுத்த ஃபோர்ம் முழுக்கச் சிங்களம். பக்கத்துக் கடைச் சிங்கள மல்லிகிட்ட வாசிக்கச் சொன்னா, "அண்ணே, எனக்கே விளங்கல"ங்கிறான்.

21 வயசுக்குக் குறைஞ்சவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு 2006ஆம் வருஷச் சட்டம் இருக்கு, நல்ல சட்டம். ஆனா இந்த வேகத்துல போனா எங்க 16 வயசு விக்கெட் கீப்பருக்கும் சட்டப்படி ஊத்தலாம், அதுக்குள்ள அவனுக்கு 21 ஆயிரும்.

கடைசியா மிஸ் மனமிறங்கி டயரியைப் புரட்டினாங்க. "அடுத்த மாசம் ஒரே ஒரு சனிக்கிழமை ஃப்ரீ தம்பி. போடவா?" சுவர்க் கலண்டரைப் பார்த்தேன். போயா, பௌர்ணமி. நாடு முழுக்கச் சாராயக்கடை பூட்டுற நாள். எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. மிஸ்ஸும் சிரிச்சாங்க. நாலு தடவையில முதல் தடவையா நாங்க ரெண்டு பேரும் ஒரே விஷயத்துல ஒத்துப்போனோம்.

வெளிய வந்தா எதிர்ல பார் ஜேஜேன்னு நடக்குது. வாசல்ல சாத்தி வச்ச என் குடையைக் காணோம். எடுத்துட்டுப் போன மகராசனே, அதுல ஒரு கம்பி உடைஞ்சிருக்கு. காத்தடிச்சா மேல திரும்பிக்கும், நல்லா நனைஞ்சுக்கிட்டே வீடு போய்ச் சேருங்க.