சுரண்டிய சிப்பும் ஊற்றிய பிசினும்

பழைய கணினி பழுதாவதில் எனக்குக் கோபமே இல்லை. 1982-ல் வெளிவந்த எட்டு பிட் இயந்திரம் இத்தனை காலம் உழைத்ததே பெரிது. சிலிக்கனுக்கும் ஆயுள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். என் வயிற்றெரிச்சல் எல்லாம், அதைச் சரிசெய்ய விடாமல் படிக்குப் படி எதையாவது மூடி மறைத்துவைத்த மனிதர்கள் மீதுதான்.

முதல் ஆள், விற்றவர். "சோதித்துப் பார்க்கவில்லை" என்று எழுதியே விற்றார். மின்வழங்கியும் வீடியோ கேபிளும் அதே பெட்டியில்தான் கிடந்தன. செருகிச் சுவிட்சைத் தட்ட ஒரு நிமிடம் ஆகுமா? தட்டியிருப்பார், கறுப்புத் திரை வந்திருக்கும், பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த வரியை எழுதியிருப்பார். கறுப்புத் திரை என்று சொல்லியிருந்தால் விலையும் வேறு, எதிர்பார்ப்பும் வேறு.

அடுத்தது அந்த மின்வழங்கி. செங்கல் கனத்தில் ஒரு பெட்டி. உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், மின்னழுத்தத்தை ஏறாமல் இறங்காமல் 5 வோல்ட்டில் நிறுத்தும் ஒரு ரெகுலேட்டர், சில்லறைச் சாமான்கள். அந்த ரெகுலேட்டர் சாதாரணப் பாகம். இரண்டு திருகைக் கழற்றினால் மாற்றிவிடலாம். ஆனால் கழற்றத்தான் வழியில்லை. பெட்டி முழுக்க எபாக்ஸிப் பிசினை ஊற்றிக் கல்லாக்கி வைத்திருக்கிறார்கள். சூடு வெளியேறவும் இடமில்லை, கை நுழையவும் இடமில்லை. அந்தச் சூட்டிலேயே வெந்து ரெகுலேட்டர் ஒருநாள் கைவிடும்போது மின்னழுத்தம் குறைந்தாலாவது இயந்திரம் பிழைக்கும். இது ஏறுகிறது! கணினிக்குள் இருக்கும் நினைவகச் சிப்கள் எந்த நிலையிலும் 7 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. மின்வழங்கி செத்தது என்று நமக்குத் தெரிவதற்குள் அது கணினியையும் கூட அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. இத்தனைக்கும், நிரல் எழுதுபவர்களுக்கான கையேட்டிலேயே கணினியின் முழுச் சுற்றுப்படத்தையும் மடித்துவைத்துக் கொடுத்த காலம் அது. படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பொருளைப் பிசினில் புதைப்பது என்ன நியாயம்?

இந்த இடத்தில் ஆலோசகர்கள் வந்துவிடுவார்கள். எதைச் சொன்னாலும் "கெபாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்பார்கள். திரை ஏன் கறுப்பாக இருக்கிறது என்பதற்கு நினைவகம், ரோம் (நிரலை அழியாமல் வைத்திருக்கும் ROM சிப்), செயலி, வீடியோ சிப், கடிகாரத் துடிப்பு என்று வரிசையாகக் காரணங்கள் நிற்கின்றன. எதையும் அளக்காமல் நல்ல கெபாசிட்டர்களைப் பிடுங்கி எறிவது வைத்தியம் அல்ல, வேண்டுதல். விரலை வைத்துப் பார், சூடாக இருக்கும் சிப்தான் கெட்டது என்பது இன்னொரு வேதவாக்கு. உள்ளே ஷார்ட் ஆன சிப் சுடும், உண்மைதான். சத்தமில்லாமல் செத்த சிப் ஜில்லென்று இருக்குமே, அதற்கு என்ன செய்வது? அதே பலகையில் முழு ஆரோக்கியத்துடன் கொதிக்கும் சிப்களும் இருக்கின்றன.

நினைவகத்தின் கதையைக் கேளுங்கள். 64 கிலோபைட்டுக்கு எட்டுச் சிப்கள். ஒவ்வொரு பைட்டிலும் ஆளுக்கு ஒரு பிட். ஒன்று செத்தால் மொத்த நினைவகத்திலும் ஒரு பைட்கூட உருப்படியாக இருக்காது. பழுதைக் கண்டுபிடிக்கும் நிரல் அடங்கிய சோதனைக் கார்ட்ரிட்ஜைக் கணினியில் செருகினால், திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதை வைத்துக் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் குற்றவாளியைச் சாக்கெட்டில் உட்காரவைக்காமல் நேரடியாகப் பலகையில் பற்றவைத்திருக்கிறார்கள். ஒரு சிப்புக்குப் பதினாறு கால்கள். ஈயப் பற்றாசு 183 டிகிரியிலேயே உருகிவிடும் என்று புத்தகம் சொல்கிறது. தரை இணைப்பில் இருக்கும் காலிடம் அதைப் போய்ச் சொல்லுங்கள். அங்கே வைக்கும் வெப்பத்தை எல்லாம் அகலமான செம்புப் பரப்பு உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம் அவசரப்பட்டு இழுத்தால் கால் நுழைந்திருக்கும் துளையின் உலோக உட்பூச்சும் கூடவே வந்துவிடும். அதனால் கால்களைக் கத்தரித்து, ஒவ்வொன்றாகச் சூடேற்றி எடுத்தேன்.

எடுத்த பிறகு அடியில் பார்த்தால், எனக்கு முன்பே யாரோ ஒரு மகானுபாவர் அங்கே கைவைத்திருக்கிறார்! பலகையில் மின்சாரம் ஓடும் செம்புத் தடம் அறுந்த இடத்துக்கு மேல் பற்றாசை உருண்டையாக அப்பி, அதன்மேல் பச்சைச் சாயம் பூசியிருக்கிறார். பச்சைச் சாயம்! ஒரு சிறு கம்பியைப் பற்றவைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். சாயம் வாங்கப் போன நேரத்தில் அதைச் செய்திருக்கலாமே ஐயா.

அதையும் சரிசெய்து, சாக்கெட் வைத்து, நல்ல சிப் போட்டால், மறுபடியும் கறுப்பு. மின்துடிப்புகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்துத் தேடியதில், எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதில் சொல்லவேண்டும் என்று தீர்மானிக்கும் சிப்பும் போய்விட்டது தெரிந்தது. அது கடையில் கிடைக்கும் பொதுச் சரக்கு அல்ல; அந்தக் கணினிக்கென்றே தயாரித்தது, தயாரிப்பும் எப்போதோ நின்றுவிட்டது. அசலே வேண்டும் என்ற பிடிவாதத்தில் இணையத்தில் ஒன்றை வரவழைத்தேன். எழுத்துகள் பளபளவென்று, நேற்று அச்சடித்ததுபோல் இருந்தன. நேற்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒரு தடவை துடைத்ததும் மேல்பூச்சு முழுவதும் கறுப்பாகப் பஞ்சில் இறங்கியது. அடியில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள். எந்தக் குப்பையில் கிடந்த எந்தச் சிப்பையோ எடுத்து, உண்மையான எண்ணைச் சுரண்டிவிட்டு, எனக்கு வேண்டிய எண்ணை அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். கால்களின் எண்ணிக்கையாவது சரியாக இருந்ததற்கு நன்றி சொல்லவேண்டும்போல.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். படம் அனுப்பச் சொன்னார்கள். துடைப்பதற்கு முன்பு எடுத்தது, பின்பு எடுத்தது, இரண்டையும் அனுப்பினேன். முதல் படத்தில் சிப் நன்றாகத்தானே இருக்கிறது, எழுத்தை அழித்தது நீங்கள்தானே என்று பதில் எழுதியிருக்கிறார்கள்.