இலைக்கு எதற்கு நம்பர் என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில், உடம்பு மெலியும் என்று மூலிகை டீ விற்ற கூட்டத்தில் நடந்தது சுங்கை சிப்புட்டில் எல்லாருக்கும் தெரியும், புலனத்திலும் (வாட்ஸ்அப்) சுற்றிவிட்டது. நான் எழுந்து கேட்டது ஒரே கேள்வி: "பெட்டியில் மால் பதிவு எண் எங்கே?" மால் என்பது, மருந்துப் பொருள்களைப் பதிவு செய்து மலேசியச் சுகாதார அமைச்சு தரும் எண். நான் கேட்டதற்கு, டீ விற்க வந்த ஏஜண்டுத் தம்பி, "அக்கா, இது மருந்து இல்லை, இலை. இலைக்கு எதற்கு நம்பர்?" என்றதும் மண்டபமே கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேர் எங்கள் தோட்டத்து லயத்தில் என்னோடு வளர்ந்தவர்கள். அதுதான் வலிக்கிறது.

இலை என்றால் ஒன்றும் செய்யாதா? ஒன்றும் செய்யாததற்கு எதற்கு 120 வெள்ளி?

போன வருஷம் அம்மா இதே மாதிரி டீ குடித்தார். கோலாலம்பூரிலிருந்து சொந்தக்காரப் பெண் கொண்டுவந்து கொடுத்தது. ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது, அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்தாவது நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தார். கெண்டைக்கால் இரண்டும் கல் மாதிரி இறுகியிருந்தன. இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிட்டது, இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்றார் டாக்டர். அம்மா பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர். அதுவும் பொட்டாசியத்தை இறக்கும், இந்த டீயும் இறக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு டீப்பையைக் கத்தரித்துத் தட்டில் கொட்டினேன். வெளிர்ப்பச்சையாகக் காய்ந்த இலைத்துண்டுகள். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நிலாவாரை இல்லையா? ஆயா பேதிக்குக் குடுக்குமே" என்றார். ஆமாம், திருநெல்வேலிப் பக்கம் விளையும் அதே நிலாவாரைதான். ஆயா எப்போதாவது ஒரு தடவை கொடுக்கும், பேதி மருந்து என்று சொல்லியே கொடுக்கும். பெருங்குடலை முடுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதுதான் அதன் வேலை. சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உடம்பில் சேர்ந்துவிடும். தராசில் குறைந்தது தண்ணீர். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"அப்போ மெலிவதற்கு விற்கிற சுருள்பாசியும் (ஸ்பிருலினா) கெட்டதா?" என்கிறார்கள். கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதில் பாதிக்கு மேல் புரதம்தான், ஆனால் மூன்று மாத்திரையில் வருவது ஒரு முட்டைக்கு ஈடாகாது, கொழுப்பையும் கரைக்காது. மெலிவதற்கு விற்கும் இன்னொன்று கொடம்புளி. அது, நாம் புளிப்புக்குக் குழம்பில் போடும் அசாம் கெப்பிங்கின் இனம். குழம்பில் போடுவது வேறு, சாரத்தைப் பிழிந்து மாத்திரையாக விழுங்குவது வேறு. அந்த மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. "பசியே எடுக்காது" என்று விற்கும் காப்பித்தூளுக்கு இன்னும் பயப்படுங்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்ட, பசியை அடக்கும் மருந்தான சிபுட்ராமினைக் கலந்து மூலிகை என்று விற்றது இங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது. மால் எண் இருந்தால் மெலிந்துவிடுவோம் என்று அர்த்தமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பதிவு இருக்கும், பதில் சொல்ல ஆள் இருக்கும். நான் கேட்டது அவ்வளவுதான்.

"நாலு பெண்கள் இதை விற்றுச் சம்பாதிப்பது உனக்குப் பொறுக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தவரின் மகள் நான். பெண் சம்பாதிப்பது எனக்கா பொறுக்காது? அம்மா ஏன் அந்த டீயைத் தொட்டார் தெரியுமா? ஒரு கல்யாண வீட்டில், "என்ன இப்படி ஊதிட்டீங்க" என்று நாலு பேர் முன்னால் கேட்டார்கள். அறுபத்திரண்டு வயதில், அத்தனை வருஷம் உழைத்த உடம்பைப் பார்த்து அவர் வெட்கப்பட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

நேற்று ராத்திரி அம்மா கேட்டார், மண்டபத்தில் எதிர்வீட்டு அக்காவும் வாங்கினாரா என்று. வாங்கினார், இரண்டு பெட்டி. அவரும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். நாளைக் காலை பசியாறியதும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன்.