கதவைத் திறந்துவிட்டு நின்ற நடிகர்

தமிழில் 'குணச்சித்திர நடிகர்' என்றொரு சொல் இருக்கிறது. கதையின் ஓரத்தில் சிறிது நேரமே வந்து போனாலும், ஒரு மனிதனின் குணத்தை நம் கண்முன் தீட்டிக் காட்டிவிட்டுப் போகிறவரை அப்படி அழைக்கிறோம். சீன அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஹாங்கைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, இந்தச் சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக அவருக்குக் கிடைத்த வேடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குணம் என்று எதையும் எவரும் எழுதிவைக்கவில்லை. வேலைக்காரர், சலவைக்காரர், உணவகப் பணியாளர், அடியாள் என்று தொழிலை மட்டும் எழுதியிருப்பார்கள். குணத்தை வீட்டிலிருந்து அவரேதான் கொண்டுவர வேண்டியிருந்தது.

அவரைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் சொல்வது ஒரு எண்ணைத்தான். திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், குரல் நடிப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் 600க்கும் மேல் என்கிறார்கள். இதை ஒரு சாதனையாகக் கொண்டாடுகிற பதிவுகளை நானும் பகிர்ந்திருக்கிறேன். இப்போது அந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. மாதக்கணக்கில் கால்ஷீட் கேட்கிற பெரிய வேடங்கள் கிடைக்கிற நடிகரால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று படங்களுக்கு மேல் நடிக்க முடியாது. ஆண்டுக்கு எட்டு, ஒன்பது என்று எழுபது ஆண்டுகள் நடித்திருக்கிறார் என்றால், அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஓரிரு நாள் வேலைகள் என்றுதான் பொருள். அந்த எண்ணுக்குள் அவருடைய உழைப்பு எவ்வளவு இருக்கிறதோ, அவருக்கு மறுக்கப்பட்டதும் அவ்வளவு இருக்கிறது.

ஹாங் 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். சீனர்கள் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுக்க 1882இல் இயற்றப்பட்ட சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. அது நீக்கப்பட்டது 1943இல்தான். சிறுவயதில் சில ஆண்டுகள் ஹாங்காங்கில் வளர்ந்துவிட்டு, பத்து வயதளவில் அமெரிக்கா திரும்பினார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலும் பிறகு தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் சிவில் இன்ஜினியரிங் படித்தார். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, அலபாமாவில் உள்ள ரக்கர் முகாமில் பயிற்சி பெற்றார். அங்கே வீரர்களுக்காக அவர் நடத்திய கலை நிகழ்ச்சிகள் அதிகாரிகளுக்குப் பிடித்துப்போனதால் போர்முனைக்கு அனுப்பாமல் முகாமிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகத்தில் சாலைப் பொறியாளராகச் சேர்ந்தார். கையிலிருந்த விடுப்புகளையெல்லாம் நடிப்புக்கே செலவழித்து, இறுதியில் அந்த வேலையையும் விட்டார்.

1954இல் நகைச்சுவை நடிகர் கிரௌச்சோ மார்க்ஸ் நடத்திய தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியில் கலந்துகொண்டு, பிரபல நடிகர்களைப் போலப் பேசிக் காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த கிரௌச்சோவைப் போலவும் பேசினார். ஓர் ஆசிய இளைஞர் ஆங்கில நடிகர்களின் குரல்களை இவ்வளவு துல்லியமாகக் கொண்டுவருவதைப் பார்த்து அரங்கம் வியந்தது. அடுத்த ஆண்டே ஹாலிவுட் நட்சத்திரம் கிளார்க் கேபிள் நடித்த படமொன்றில் சிறு வேடம் கிடைத்தது. எந்தக் குரலையும் பேசத் தெரிந்த அந்த இளைஞரிடம், அதற்குப் பிறகு பல ஆண்டுகள் திரைத்துறை பெரும்பாலும் ஒரே ஒரு குரலைத்தான் கேட்டு வாங்கியது. தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசும் அந்நியனின் குரல் அது.

அவர் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிற ஒரு சம்பவம் இருக்கிறது. 1957இல் சீனத் துப்பறிவாளர் சார்லி சானைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அவருக்கு மூத்த மகன் வேடம் அமைந்தது. தொடர் முழுவதும் வருகிற பாத்திரம். ஓர் இளம் நடிகருக்கு அதுவரை கனவிலும் கிடைக்காத வாய்ப்பு. தந்தையாக நடித்தவர் ஜே. கேரல் நேஷ், நியூயார்க்கில் பிறந்த ஐரிஷ் வம்சாவளியினர். சீனத் தந்தைக்கு வெள்ளையர், சீன மகனுக்குச் சீனர் என்பதே அன்றைய ஏற்பாடு. ஒருநாள் படப்பிடிப்பில் ஹாங் தன் வசனத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் தவறவிட்டார். நேஷ் வெகுண்டு, இதென்ன சீன நடிகர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடமா என்று எல்லார் முன்னிலையிலும் கத்தியதாகவும், அதன் பிறகு தன்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகவும் ஹாங் பின்னாளில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். முகத்தில் சாயம் பூசிக்கொண்டு சீனராக நின்ற ஒருவர், சீனராகவே பிறந்த ஒருவரைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கிறார்.

நேஷ் திறமையற்றவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவரும் சிறந்த குணச்சித்திர நடிகர். இரண்டு முறை ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். இத்தாலியராக, மெக்சிகோ வம்சாவளியினராக, சீனராக என்று எந்த இனத்தவராகவும் நடிக்க அவருக்கு அனுமதி இருந்தது. அதே தொழிலில் இருந்த ஹாங்குக்கோ, ஆசியர் என்ற ஒரு கட்டத்தைத் தாண்ட அனுமதி இல்லை. அந்தக் கட்டத்துக்குள் சீனர், ஜப்பானியர், கொரியர் என்ற வேறுபாட்டைக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை. ஜப்பானியக் காட்சில்லா படத்தின் 1956 அமெரிக்கப் பதிப்பில் ஜப்பானியப் பாத்திரங்களுக்கு டப்பிங் பேச அழைக்கப்பட்டவர்களில் இந்தச் சீன அமெரிக்கரும் ஒருவர். நேஷ், ஹாங் இருவரும் அடுத்தவராக நடித்தே பிழைத்தார்கள். ஒருவர் யாராக நடிப்பது என்பதைத் தாமே தேர்ந்துகொண்டார், மற்றவருக்கு அதைப் பிறர் தேர்ந்து கொடுத்தார்கள்.

இந்த அவமதிப்பைச் சகித்துக்கொண்டு மட்டும் அவர் இருந்துவிடவில்லை. 1965இல் மாகோ, பியூலா குவோ, சூன்-டெக் ஓ உள்ளிட்ட நடிகர்களுடன் சேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் இயங்கத் தொடங்கிய குழு அது. கோபத்தை மேடைக் கோஷமாக்காமல், ஆசிய அமெரிக்க நடிகர்கள் பெரிய வேடங்களைப் பயின்று பார்க்க ஓர் இடத்தை உருவாக்கினார்கள் என்பதுதான் என்னைக் கவர்கிறது. திரையில் தேநீர்த் தட்டு ஏந்தி வந்த நடிகருக்கு, மாலையில் அந்த அடித்தளத்தில் அரசராகவும் கொலைகாரராகவும் நிற்கிற வாய்ப்பு கிடைத்தது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் குழு லாஸ் ஏஞ்சலஸில் நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறது.

ரோமன் போலன்ஸ்கியின் 1974ஆம் ஆண்டுப் படத்துக்கு, சீனர்கள் வாழும் பகுதியைக் குறிக்கிற 'சைனாடவுன்' என்று பெயர். ஆனால் அந்தப் படத்தில் ஹாங்குக்குக் கிடைத்தது கதவைத் திறக்கிற வீட்டுப் பணியாளர் வேடம். தலைப்புக்கு அந்தத் தெரு தேவைப்பட்டது, அங்கே வாழ்கிறவர்களின் கதை தேவைப்படவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, 1991இல் ஒளிபரப்பான 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் ஓர் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சீன உணவகத்தின் வாசலில் மூன்று நண்பர்கள் மேசைக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. ஆட்களை வரவேற்று இடம் ஒதுக்குகிற பணியாளராக ஹாங் நிற்கிறார். எப்போது கேட்டாலும் ஐந்து, பத்து நிமிடம் என்கிறார். எழுத்தில் அந்த வேடம் இவ்வளவுதான். ஆனால் அவர் நிற்கிற விதத்தைக் கவனியுங்கள். கேள்வி கேட்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கண்கள் பதிவேட்டுக்கு இறங்கிவிடுகின்றன. பதில் அங்கே எழுதியிருப்பது போன்ற பாவனை. குரலில் எரிச்சல் இல்லை, கெஞ்சல் இல்லை, கிண்டலும் இல்லை. ஒரே மாலையில் நூறு பேரிடம் அதே பதிலைச் சொல்லிப் பழகிய ஒருவரின் அமைதி இருக்கிறது. நண்பர்களில் ஒருவரான, தொலைபேசி அழைப்புக்காகத் தவிக்கிற ஜார்ஜ் காஸ்டான்ஸாவின் பெயரை அவர் 'கார்ட்ரைட்' என்று கூவுகிறார். யாரும் வராததால் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார். பொறுமை இழந்து நண்பர்கள் வெளியேறிய மறுநொடியே, அவர்களுக்கான மேசை தயாராகிவிட்டதென்று பெயர் சொல்லி அழைக்கிறார்.

அந்த வேடத்தை எளிதாகக் கேலிச்சித்திரமாக்கியிருக்கலாம். உச்சரிப்பைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் குனிந்து, அசட்டுத்தனமாகச் சிரித்திருந்தால் அரங்கம் அதற்கும் சிரித்திருக்கும். அவர் அந்த மனிதரை ஓர் அதிகாரியாக ஆக்கினார். அந்த வாசலின் சட்டம் அவர் கையில் இருக்கிறது. வெளியே நிற்பவர்கள்தான் அவர் தயவை எதிர்பார்த்துத் தவிக்கிறார்கள். எத்தனையோ படங்களில் பிறருக்குக் கதவு திறந்துவிட்டு நின்ற நடிகர், அந்த ஒரு மாலையில் கதவு தன்னுடையது என்று காட்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் தெருவில் போகிறவர்கள் பல ஆண்டுகள் அவரை அடையாளம் கண்டுகொண்டது இந்த அரைமணி நேரத்தால்தான்.

ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' படத்தில் அவர் வருவதும் சில நிமிடங்களே. செயற்கை மனிதர்களுக்குக் கண்கள் தயாரிக்கிற சூ என்ற கைவினைஞராக நடித்தார். உண்மையான குளிர்பதனக் கிடங்கில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். அவர் வாயிலிருந்து வெளியேறுகிற ஆவி நிஜமானது. தடித்த ரோமக் கோட்டுக்குள் ஒடுங்கி, தனக்குள் சீன மொழியில் முணுமுணுத்தபடி, ஒரு கண்ணை எடுத்துப் பாசத்தோடு பார்க்கிறார். கொல்ல வந்தவர்கள் முன் உயிருக்கு நடுங்குகிற வேளையிலும், அந்தக் கண்கள் தன் கைவேலை என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம் தலைகாட்டுகிறது. திரைக்கதை அவரிடம் கேட்டது பயத்தை. அதோடு சேர்த்து ஒரு வாழ்நாள் தொழிலையும் அவர் கொடுத்துவிட்டுப் போனார்.

'பிக் டிரபிள் இன் லிட்டில் சைனா' படத்தின் லோ பான் வேடத்தை மட்டும் என்னால் முழு மனத்தோடு கொண்டாட முடிவதில்லை. சீனர் என்றால் மர்மம், மந்திரம், பெண்களைக் கவர்ந்து செல்லும் கொடூரம் என்ற பழைய வார்ப்பிலிருந்து வந்த பாத்திரம் அது. 1986இல் திரையரங்குகளில் தோற்று, பிறகு வீடியோ கேசட்டுகளின் வழியே தீவிர ரசிகர்களைச் சேர்த்துக்கொண்ட படம். ஆயினும் சக்கர நாற்காலியில் சுருங்கிக் கிடக்கிற கிழவனையும், அதே ஆளின் இன்னொரு வடிவமான உயர்ந்த மந்திரவாதியையும் அவர் வேறுபடுத்திக் காட்டிய திறனை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. வேடத்தின் மீது எனக்குள்ள ஆட்சேபமும் நடிப்பின் மீதுள்ள மதிப்பும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் அருகருகே இருக்கின்றன.

இத்தகைய வேடங்களை ஏற்றுக்கொண்டதன் மூலம் அவரும் அந்த வார்ப்புகள் நீடிக்கத் துணைபோனார் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சீன விவசாயிகளைப் பற்றி 1937இல் வந்த 'தி குட் எர்த்' படத்தில் நாயகன், நாயகி இருவருமே வெள்ளையர்கள். நாயகிக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. அப்போதே புகழ்பெற்றிருந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்கு அந்த நாயகி வேடத்தைத் தரவில்லை. தர முன்வந்த வேறொரு வேடத்தை அவர் தன்மானத்தோடு மறுத்தார். படம் அவரில்லாமலே வெற்றி பெற்றது. பின்னாளில் ஆசிய அமெரிக்க நடிகர் கீ ஹூய் குவான், சிறுவயதில் உலகப்புகழ் பெற்றும், வளர்ந்தபின் வேடங்கள் கிடைக்காமல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடிப்பிலிருந்தே விலகியிருந்தார். விலகுவதும் ஒரு வழி, தங்குவதும் ஒரு வழி. இரண்டுக்கும் விலை கொடுத்தவர்களை, விலை கொடுக்காத நாம் எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதிக்கப்பட்டது 2022 மே மாதத்தில்தான், அவருடைய 93ஆம் வயதில். அதுவரை அந்த வயதில் எவரும் அந்தச் சிறப்பைப் பெற்றதில்லை. அதற்கான பணத்தை எந்தப் படநிறுவனமும் கட்டவில்லை. நடிகர் டேனியல் டே கிம் 2020இல் இணையத்தில் நிதி திரட்டலைத் தொடங்க, ரசிகர்கள் சில நாட்களிலேயே 55,000 டாலரைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தில் அவர் ஏற்றது தாய்வழித் தாத்தா வேடம். 2023 பிப்ரவரியில் திரை நடிகர்கள் சங்க விருது விழாவில் அந்தப் படத்தின் நடிகர் குழுவுக்கு விருது கிடைத்தபோது, 94 வயது நிரம்பிச் சில நாட்களே ஆன அவரும் மேடையேறிப் பேசினார். தன் முதல் படம் கிளார்க் கேபிளுடன் என்று தொடங்கினார். கண்ணோரங்களை நாடா ஒட்டி இழுத்துக்கொண்டு வெள்ளையர்கள் சீனர்களாக நடித்த காலத்தை, 'தி குட் எர்த்' படத்தின் பெயரைச் சொல்லியே நினைவுபடுத்தினார். ஆசியர்கள் நன்றாக நடிக்கமாட்டார்கள், அவர்களை வைத்து எடுத்தால் வசூல் ஆகாது என்று தயாரிப்பாளர்கள் சொல்லிவந்ததைச் சொல்லிவிட்டு, இப்போது எங்களைப் பாருங்கள் என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களில் கீ ஹூய் குவானும் ஒருவர். அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். கண்கள் ஈரமாகாமல் ஒருமுறையும் முடித்ததில்லை.

என் மகனுக்கு அவரை 'குங் ஃபூ பாண்டா' படங்களின் நூடுல்ஸ் கடைக்கார வாத்தாக மட்டும்தான் தெரியும். முள்ளங்கிக் கூடையில் கிடைத்த பாண்டாக் குட்டியைத் தன் பிள்ளையாக வளர்க்கிற திருவாளர் பிங்குக்கு 2008 முதல் குரல் கொடுத்துவருகிறார். நான்காம் படம் 2024இல் வந்தபோது அவருக்கு 95 வயது. போன வாரம் அவனுக்கு அந்த உணவக வாசல் காட்சியைப் போட்டுக் காட்டினேன். பதிவேட்டைப் பார்த்தபடி ஐந்து, பத்து நிமிடம் என்று ஹாங் சொன்னதும், அவன் திரும்பி என்னைப் பார்த்து, "அப்பா, இது பாண்டாவோட அப்பா குரல்!" என்றான்.